காசு செலவில்லாமல் படப்புதிர்!
வீட்டிலேயே செய்யலாம்

ஒரு பெரிய படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டு, மறுபடியும் ஒன்று சேர்ப்பதுதான் ‘ஜிக்சா’ என்னும் படப்புதிர். பார்த்தால் குழந்தை விளையாட்டு. உட்கார்ந்துவிட்டால் பெரியவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் விலை? கடைகளில் 500 துண்டு, 1,000 துண்டு கொண்ட பெட்டிகள் பல நூறு ரூபாய். வெளிநாட்டுச் சரக்கு என்றால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு படத்துக்கு அவ்வளவு பணமா என்று தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்தில் வாழும் நம்மவர்கள் தயங்குவது நியாயமே. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கலாம்.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியதே கையில் காசு இல்லாதவர்களால்தான்!

லண்டனில் பிறந்தது

லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்று ஒருவர். வரைபடம் செதுக்குவது தொழில். 1760-களில் அவர் ஒரு வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டை ஒட்டியே அறுத்தார். பிள்ளைகள் அதைச் சேர்த்துப் பூகோளம் படித்தார்கள். கையால் அறுத்த சரக்கு. ஆகவே பணக்கார வீடுகளுக்கு மட்டுமே எட்டியது.

1930-களில் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வெளியே போய்ச் செலவு செய்யக் காசு இல்லை. அப்போது மரத்துக்குப் பதிலாக அட்டை வந்தது. அச்சை வைத்து ஒரே அழுத்தில் எல்லாத் துண்டுகளையும் வெட்டினார்கள். விலை 25 சென்ட். 1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாரத்துக்கு 1 கோடி புதிர்கள் விற்றன. வாங்க முடியாதவர்கள் நூலகங்களிலும் மருந்துக் கடைகளிலும் வாடகைக்கு எடுத்தார்கள். வேலை போனவர்களில் சிலர் வீட்டிலேயே புதிர் அறுத்து விற்றுப் பிழைத்தார்கள்.

அவர்கள் வீட்டில் செய்ததை நம் வீட்டிலும் செய்யலாம்.

செய்முறை

முதலில் படம். போன வருடக் காலண்டர் போதும். சாமி படத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது. அதை விட்டுவிடுங்கள். மலை, அருவி, சந்தை, கோட்டை என்று பல வண்ணம் கலந்த படமாக எடுங்கள். பாதிப் படம் நீல வானமாக இருந்தால் சேர்ப்பதற்குள் தலை சுற்றும். கிங்ஸ் சர்க்கிள் பழைய புத்தகக் கடைகளிலும், தெருமுனை ரத்திக் கடையிலும் படம் உள்ள பத்திரிகைகள் கிடைக்கும்.

அடுத்து அட்டை. பழைய நோட்டின் கனத்த அட்டை, செருப்புப் பெட்டி, கல்யாணப் பத்திரிகையின் உறை எல்லாம் உதவும். பார்சல் பெட்டியின் வரி வரியான அட்டை வேண்டாம், நசுங்கிவிடும்.

மைதாப் பசையை மெல்லத் தடவிப் படத்தை ஒட்டுங்கள். பின்பக்கமும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினால் அட்டை வளையாது. கனமான பொருளை மேலே வைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பின்பக்கம் பென்சிலால் வளைந்த கோடுகள் போட்டு, கூரான கத்தியால் வெட்ட வேண்டும். இது பெரியவர்கள் வேலை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 20 துண்டு போதும். வளர்ந்தவர்களுக்கு 100 வரை போகலாம்.

எல்லாத் துண்டின் முதுகிலும் ஒரே அடையாளம் இடுங்கள். இரண்டு புதிர்கள் கலந்துவிட்டாலும் பிரித்துவிடலாம். பிஸ்கட் டின்னில் போட்டு, மொத்தம் எத்தனை துண்டு என்று மூடியில் எழுதிவிடுங்கள்.

இடத்துக்கு எங்கே போவது?

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், பாதி சேர்த்த படத்தை எங்கே வைப்பது? கேரம் போர்டு இருக்கிறதே! அதன் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். கடையில் விற்கும் 1,000 துண்டுப் புதிர்கூட பெரும்பாலும் 70-க்கு 50 சென்டிமீட்டர்தான். அடங்கிவிடும். இரவில் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சுற்றிலும் சட்டம் இருப்பதால் துண்டுகள் சிதறா.

சேர்த்துச் சலித்த புதிரை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அவர்கள் புதிரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாலில் பத்து வீடு சேர்ந்தால் பத்துப் புதிர். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் துண்டுகளை எண்ணிக்கொள்வது நல்லது. சண்டை வராது.

ஊரையும் சேர்க்கலாம்

ஸ்பில்ஸ்பரி செய்ததை நாம் தமிழ்நாட்டு வரைபடத்தில் செய்து பார்க்கலாம். ஊரிலிருந்து வருபவரிடம் ஒரு பெரிய மாவட்ட வரைபடம் வாங்கிவரச் சொல்லுங்கள். அட்டையில் ஒட்டி, எல்லைக் கோட்டிலேயே வெட்டுங்கள். இன்று மாவட்டங்கள் 38. சென்னை மிகச் சிறியது. தனியே வெட்ட வராது. பக்கத்துத் திருவள்ளூரோடு சேர்த்துவிட்டால் 37 துண்டு. சேர்த்து முடித்தபின் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரம் ஓர் இடம் காலியாக நிற்கும். அது காரைக்கால்; புதுச்சேரியைச் சேர்ந்தது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

இதில் பெரியவர்களுக்கும் வேலை உண்டு. 1980-இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தாராவிக்கு வந்தவரின் கிராமம் இன்று அந்தத் துண்டில் இல்லாமல் போகலாம். 1986-இல் தூத்துக்குடி தனியே பிரிந்தது. 2019-இல் தென்காசி பிரிந்தது. தன் ஊர் எந்தத் துண்டில் என்று தாத்தாவே தேட வேண்டியிருக்கும்!

துண்டுகளின் மேல் பெயர்களைத் தமிழில் மட்டும் எழுதுங்கள். வீட்டில் தமிழ் பேசியும், தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இங்கே ஏராளம். ‘தென்காசி எங்கே? எடு’ என்றால், எழுத்துக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். பத்து நாள் விளையாடினால் 37 துண்டிலும் உள்ள பெயர்களைப் படித்துவிடுவார்கள். கோடை விடுமுறையில் ஊருக்கு ரயில் ஏறும்போது, அந்த டின்னையும் பையில் வைத்துக்கொள்ளட்டும்.