வெள்ளையர் என்போர் யார்?

வெள்ளையர் என்னுஞ் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகின்றோம். அச்சொல் குறிப்பது தோலின் நிறத்தையா, குலத்தையா, அன்றி வேறொன்றையா? சிறு பிள்ளையும் விடை பகரக்கூடிய வினாவெனத் தோன்றும். ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றமே இவ்வினாவில் இடறி வீழ்ந்த வரலாற்றை வாசகர்கள் அறிதல் நன்று.

அந்நாட்டிற் குடியேறியோருள் சுதந்திரரான வெள்ளையரே பிரசாவுரிமை பெறலாமென 1790ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1870இல் ஆபிரிக்க வம்சத்தினருக்கும் அவ்வுரிமை கிடைத்தது. ஆசியரின் நிலை யாது?

யப்பானிற் பிறந்து, கலிபோர்ணியாவிற் கற்று, ஹவாயில் வாழ்ந்த தக்காவோ ஒசாவா, யப்பானியர் மேனியும் வெண்மையே என வாதாடினார். நிறம் அளவுகோலன்று, கோக்கேசிய இனத்தவரே வெள்ளையர் என 1922 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்று மாதங்கள் சென்றன. பஞ்சாபிற் பிறந்து, முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையிற் சேவை புரிந்த பகத் சிங் திந்தின் வழக்கு வந்தது. மனிதவியல் அறிஞர் சிலர் வட இந்தியரைக் கோக்கேசியருள் அடக்கியிருந்தமையால், முந்திய தீர்ப்பே அவருக்குத் துணையாதல் வேண்டும். ஆனால் முதல் தீர்ப்பை வரைந்த அதே நீதியரசர் சதர்லாந்து, அறிஞர் வகுப்பை ஒதுக்கி, சாமானியன் எவரை வெள்ளையரெனக் கொள்வானோ அவரே வெள்ளையர் என 1923 பெப்ரவரியில் எழுதினார்!

இதன் பயனாக, முன்னரே பிரசைகளாயிருந்த இந்தியர் பலர் அவ்வுரிமையை இழந்தனர். அவருள் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய் என்னும் வணிகர், நாடற்றவராகி 1928இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். திந்த் 1936இற் பிரசையானார். இனத்தடை முற்றாக நீங்கியது 1952இலேயே.

நிறத்தின் பெயரால் ஒருவர் பெறுவது யாது? வெள்ளைத் தொழிலாளி கூலி குறைந்தவிடத்தும், வெள்ளையன் என்னும் மதிப்பையே மேலதிகக் கூலியாகப் பெற்றான் எனக் கறுப்பின அறிஞர் டூ போய்ஸ் 1935இற் காட்டினார். அக்கருத்தை வரலாற்றாசிரியர் டேவிட் ரோடிகர் 1991இல் வெளிவந்த தமது நூலில் விரித்தார். மேற்கூறிய வழக்குகளைச் சட்ட அறிஞர் இயன் ஹேனி லோப்பஸ் 1996இல் ஆராய்ந்தார். இவ்வாறு, நெடுங்காலம் பிறர் நிறத்தையே ஆராய்ந்துவந்த கல்வியுலகம், வெண்மையையும் ஆராயத் தொடங்கியது.

இனப் பெயரொன்றைக் காணுந்தோறும், அதன் எல்லையை வகுத்தவர் யார், அவ்வெல்லைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர் யார் என வினவுதல் மாணவர் கடனாகும்.