ஏக்கர் ஐந்து ஷில்லிங், குடும்பத்துக்கு ஏழு பேர்ச்

மாத்தளைப் பக்கம் காணி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான்: ரோட்டுக்கு எவ்வளவு கிட்ட? கையில் இருப்பது உறுதிப் பத்திரமா, பர்மிட்டா? பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் ஊர்கள் வளர்ந்த கதையே அந்த இரண்டு கேள்விக்குள் அடக்கம்.

முதலில் காகிதம். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கும்வரை பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சேனைப் பயிர்ச்செய்கையில் விதைத்து அறுத்தபின் நிலத்தைச் சில வருடம் காடு பற்ற விட்டுவிடுவார்கள். அந்த வருடங்களில் வந்து பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு அது பயிரிடாத நிலம். பரம்பரையாக ஆண்டவர் கையிலோ எழுத்தில் ஒன்றுமில்லை. முடிக்குப் போன நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரர்களிடம் போனது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். 1844இல் விலை இருபது ஷில்லிங் ஆனது. 1848 ஜூலையில் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்த கிளர்ச்சிக்காரர்கள் வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். புதிய வரிகள் மேல்தான் அவர்களுக்குக் கோபம். எதை அழிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

இனி ரோடு. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். வழியில் மாண்டவர் ஏராளம். 1880 ஒக்டோபரில் கண்டியிலிருந்து ரயில் வந்தது. மாத்தளையோடு பாதை முடிந்தது. இன்றும் அங்கேதான் முடிகிறது. கடைசி ஸ்டேஷன் என்பது ஒரு ஊருக்கு அதிர்ஷ்டம். தோட்டத்துச் சரக்கு வண்டியில் வந்து இறங்கும், நிறுக்கப்படும், கிட்டங்கியில் கிடக்கும், பிறகு ரயில் ஏறும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு கடை, ஒரு கணக்குப்பிள்ளை. இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் வந்தன. சரக்குதான் மாறியது, அது கைமாறும் ஊர் மாறவில்லை.

அதே விதிதான் பின்னாளில் தம்புள்ளையைத் தூக்கிவிட்டது. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் அங்கே சந்திக்கின்றன. 1999இல் பொருளாதார மத்திய நிலையம் திறந்தபின், யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியாக் கரட்டும் ஒரே முற்றத்தில் லொறி மாறுகின்றன. லொறி நிற்கிற இடத்தில் டயர்க்கடையும் சாப்பாட்டுக்கடையும் தானாக முளைக்கும்.

ஆனால் ரோட்டோரக் காணிக்கெல்லாம் ஒரே விலை கிடைக்காது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி விவசாயிகளுக்குக் கொடுத்தவை பர்மிட் காணிகள். அனுமதியில்லாமல் விற்கவோ துண்டாடவோ முடியாது. பக்கத்திலேயே உறுதிக்காணி இருந்தால் அதற்குத்தான் கிராக்கி.

உழைத்தவருக்கே காணி கொடுத்த இடமும் உண்டு. கனடாவின் புல்வெளி மாகாணங்களில், பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த நிலத்தில், 1872ஆம் ஆண்டுச் சட்டம் பத்து டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. குடியிருந்து உழுதால் சொந்தம். இங்கே காட்டை வெட்டித் தோட்டமாக்கிய தொழிலாளர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தபோதும் அவர்களுக்கென்று பங்கு பிரிக்கவில்லை. பின்னாளில் வந்த தோட்ட வீட்டுத்திட்டமொன்றில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்றார்கள். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். அதாவது ஒரு ஏக்கரில் இருபத்திரண்டு குடும்பம்.

வீடு குடிபுகுந்தும் உறுதி கைக்கு வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறுதி இல்லாத வீட்டை ஈடுவைக்க வங்கி ஒத்துக்கொள்ளாது. தம்புள்ளைச் சந்தையில் ஒரு கடை போட நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு ரோடு திறந்திருக்கிறது, முதல்தான் இல்லை.