35 வயதானால்தான் மரியாதை! – கேப் திராட்சைக் கொடிகளின் கதை

தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் சில ஒயின் பாட்டில்களின் கழுத்தில் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். அதில் ஓர் ஆண்டு. பார்த்தவுடன் ஒயின் தயாரித்த ஆண்டு என்றுதான் தோன்றும். இல்லை... அந்தத் திராட்சைக் கொடியை மண்ணில் நட்ட ஆண்டு அது!

'ஒயின் குடிப்பவர்களுக்கான கதை போல' என்று நகர்ந்துவிட வேண்டாம். இது கொடிகளின் கதை. அவற்றைப் பிடுங்கி எறிவதா, வைத்துக்கொள்வதா என்று தவித்த விவசாயிகளின் கதை.

கேப்டவுன் நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வருகிறது ஸ்வார்ட்லாந்து. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'கறுப்பு நிலம்' என்று பொருள். மழைக்குப் பிறகு கருத்துத் தெரியும் ஒரு வகைப் புதரால் வந்த பெயர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோதுமை வயல்கள். இடையில் பார்டபெர்க் மலை. அதன் சரிவில், கருங்கல் சிதைந்து உதிர்ந்த மண்ணில்தான் இந்தத் தோட்டங்கள் இருக்கின்றன.

திராட்சை என்றதும் பந்தலைத் தேடினால் ஏமாந்துபோவோம். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முறுக்கிப் பிழிந்த விறகுக்கட்டை போலக் குட்டையாக, ஒவ்வொரு கொடியும் தனித்தனிப் புதராக நிற்கிறது. பெரும்பாலும் மானாவாரிதான். மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் குளிர்கால மழையை மண் பிடித்து வைத்திருக்கும். கோடை முழுக்க அதைத் தேடி வேர் கீழே கீழே போகும்.

இங்கே அதிகம் இருப்பது ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை. பிரான்சின் லுவார் பகுதியைச் சேர்ந்தது. உள்ளூரில் நீண்டகாலமாக 'ஸ்டீன்' என்றே அழைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 1960-களில்தான் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். சுட்டெரிக்கும் வெயிலிலும் புளிப்பை இழக்காது என்பது இதன் தனிக்குணம். புளிப்பு போய்விட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும் அல்லவா?

மலிவுச் சரக்காகப் போன காலம்

கேப் பகுதியில் முதல் கொடிகளை நட்டது டச்சுக்காரர்கள், 1655-ல். முதல் ஒயின் பிழிந்தது 1659 பிப்ரவரி 2-ம் தேதி. அந்தத் தோட்டங்களில் உழைக்க அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியா மட்டுமல்ல... வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்கள் அங்கே விற்கப்பட்டார்கள். 

அடிமைமுறை போன பிறகும் இன்னொரு கொடுமை தொடர்ந்தது. கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே ஊற்றிக் கொடுப்பார்கள். 'டாப்' முறை என்று பெயர். 1960-களில் சட்டம் தடுத்தும் பல பண்ணைகளில் அது உடனே நின்றுவிடவில்லை. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்றாக இன்றும் இந்தப் பகுதி இருக்கிறது. ஒயினின் அழகைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

விவசாயிகள் பிழைப்பும் அப்படியொன்றும் சுகமில்லை. 1918-ல் தொடங்கிய கே.டபிள்யூ.வி. என்ற கூட்டுறவு அமைப்புதான் பல பத்தாண்டுகள் விலையை நிர்ணயித்தது. எடைக்குத்தான் பணம். அறுபது வயதுக் கொடியின் பழமும் ஆறு வயதுக் கொடியின் பழமும் ஒரே தொட்டியில் கொட்டப்பட்டன. மிஞ்சியது பிராந்தி காய்ச்சப் போனது.

1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்து உலகச் சந்தை திறந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. வெளிநாட்டினர் கேட்டது சிவப்பு ஒயினையும் ஷார்டனேயையும்தான். 'கிழட்டு ஸ்டீன் யாருக்கு வேண்டும்?' என்று தோட்டம் தோட்டமாகப் பிடுங்கினார்கள்.

தேடிப்போன பெண்

வழக்கறிஞருக்குப் படித்துத் திராட்சை வளர்ப்புக்கு வந்தவர் ரோசா க்ரூகர். 2002 வாக்கில் பழைய தோட்டங்களைத் தேடி ஊர் ஊராகக் காரில் அலையத் தொடங்கினார். மலைச்சரிவு, கடலோரம், கோதுமைக் காட்டின் நடுவே என்று கண்டதையெல்லாம் பட்டியலிட்டார். 'இந்தப் பழத்தை வீணாக்காதே' என்று ஒயின் தயாரிப்பாளர்களையும், 'இந்தக் கொடியைப் பிடுங்காதே' என்று விவசாயிகளையும் சேர்த்துவைத்தார்.

அதே 2002-ல் ஈபன் சாடி என்ற இளைஞர் ஸ்வார்ட்லாந்தின் பழத்தில் 'பலாடியஸ்' என்ற வெள்ளை ஒயினைத் தயாரித்தார். ஒரே ரகம் அல்ல, கலவை. இன்று அதில் 11 ரகங்கள் வரை சேர்கின்றன. ஷெனின் புளிப்பையும் முதுகெலும்பையும் தரும். வியோன்யே, ஆப்ரிகாட் பழ வாசனையைத் தரும். ரூசான், கிரனாஷ் பிளாங்க் இரண்டும் நாக்கில் கனத்தைக் கூட்டும். இவரைப் பார்த்து இளைஞர்கள் பலர் இதே வழியில் இறங்க, ஸ்வார்ட்லாந்து என்றாலே கலவை வெள்ளை ஒயின் என்றானது.

இந்த வகை ஒயினின் வெண்ணெய் போன்ற செழுமையில் பீப்பாய்க்கும் பங்குண்டு. ஓக் மரப் பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்துச் செய்வது. புதுப் பானையில் ஊற்றிய தண்ணீரில் பானையின் வாசம் ஏறுவது போல, புதுப் பீப்பாயிலிருந்து வனிலா, கிராம்பு வாசம் ஒயினில் இறங்கும். அளவு மீறினால் பழத்தின் ருசியையே அமுக்கிவிடும். அதனால் இங்கே பலரும் நாலைந்து முறை பயன்படுத்திய பழைய பீப்பாயையே விரும்புகிறார்கள். வாசம் தீர்ந்திருக்கும், ஆனால் மரத்தின் வழியே சிறிது சிறிதாகக் காற்று புகுவது நிற்காது. அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடக்கும்போது அந்தச் செழுமை வருகிறது.

கொடிக்கு வயது ஏறினால் குலைகள் குறையும், பழத்தில் ருசி திரளும். 2015 முதல் 2018 வரை கேப் பகுதியை வாட்டிய வறட்சியில் விளைச்சல் சரிந்தது. என்றாலும் ஆழ வேரோடிய பல கிழக்கொடிகள் தாக்குப்பிடித்தன. 

ஆனால் ருசியை வைத்து டிராக்டருக்கு டீசல் போட முடியுமா? விளைச்சலோ குறைவு, இலைச்சுருட்டு வைரஸ் வேறு. கோதுமை போட்டால் லாபம் என்று கணக்குச் சொல்லும். அதனால்தான் 2016-ல் ரோசா க்ரூகர் முன்னின்று 'ஓல்டு வைன் புராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2018-ல் வந்ததுதான் அந்தக் கழுத்து முத்திரை. தகுதி ஒன்றே ஒன்று... கொடிக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும். முத்திரை இருந்தால் பாட்டிலுக்குக் கூடுதல் விலை கேட்கலாம், அதிலிருந்து விவசாயிக்கும் கூடுதலாகத் தரலாம் என்பது எண்ணம்.

எல்லாத் தோட்டமும் தப்பிக்கவில்லை. 2006-ல் ஒரு லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த தென்னாப்பிரிக்க ஒயின் திராட்சைப் பரப்பு இன்று 90,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. 30 வயதைத் தாண்டிய கொடிகளை வைத்திருப்பவர்கள்தான் இப்போது இரண்டு மனதாக இருக்கிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் பிடுங்கிவிட்டுக் கோதுமை விதைப்பதா, முத்திரை கிடைக்கும்வரை இன்னும் சில அறுவடைகளை நஷ்டத்தில் தள்ளுவதா?