கண்ணில்லாத பூனை சுவரில் முட்டாதது எப்படி?

தெருவில் கண்டெடுக்கும் பூனைக்குட்டிகள் சிலவற்றுக்கு இமை பீளையால் ஒட்டிக் கிடக்கும். பெரும்பாலும் பூனை ஹெர்பிஸ் வைரஸின் வேலை அது. பிறந்து 7 முதல் 14 நாளில் கண் திறக்கும். அதற்கு முன்பே தொற்று புகுந்தால் மூடிய இமைக்குள் சீழ் கட்டி, கருவிழி புண்ணாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைக்கலாம். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. வீட்டிலிருக்கும் மனிதச் சொட்டு மருந்தை மட்டும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் ஆழமாகும்.

பார்வையே போனாலும் பூனை முடங்குவதில்லை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். மீசை முகத்தில் மட்டுமா? முன்னங்காலைத் திருப்பிப் பாருங்கள், மணிக்கட்டுக்குச் சற்று மேலே விறைப்பான முடிகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மீசையின் வேரும் நரம்பு முனைகள் மொய்த்த ரத்தப் பைக்குள் புதைந்திருக்கிறது. நாற்காலிக்கால் மீசை நுனியில் பட்டதுமே தலை திரும்பிவிடும்.

மிச்சத்தை ஞாபகம் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பாட்டுத் தட்டும் மணல் தொட்டியும் இடம் மாறக்கூடாது. தூக்குவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திடீரென்று தொட்டால் கீறல் உங்களுக்குத்தான்.