உலுக்கலா, வழுக்கலா? – தானியங்கி கியர் பெட்டியின் கதை

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, கோரிப்பாளையம் வழியாகப் பெரியார் நிலையம் வரை நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். அரை மீட்டர் நூலின் நுனியில் ஒரு சாவியைக் கட்டி, மேலேயுள்ள கைப்பிடிக் கம்பியில் தொங்க விடுங்கள்.

பஸ் புறப்பட்டதும் சாவி பின்பக்கமாகச் சாயும். அது 5 சென்டிமீட்டர் விலகி நின்றால், பஸ்ஸின் வேகம் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வீதம் கூடுகிறது என்று பொருள். இதுவே முடுக்கம். டிரைவர் கிளட்சை மிதித்ததும் சாவி நடுவுக்குத் திரும்பும். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் மறுபடி 'விசுக்'கென்று பின்னால் போகும். சாவி மட்டுமா? நின்றுகொண்டிருக்கும் பாட்டியும், கூடையை இறக்கி வைக்காத பூக்கார அம்மாளும்கூடத்தான்!

சீரான முடுக்கம் நம்மைத் தள்ளாட வைப்பதில்லை. அதற்குத் தக்கபடி உடலைச் சாய்த்துக்கொள்கிறோம். முடுக்கம் திடீரென்று மாறும்போதுதான் கால் தடுமாறுகிறது. இந்த மாற்றத்தை 'உலுக்கல்' என்று வைத்துக்கொள்வோம். கியர் மாறும்போது உலுக்கல் இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குடம் கை மாறுகிறது

1905-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியியலார், எண்ணெயின் வழியே சுழற்சியைக் கடத்தும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்பதுதான் வேறுபாடு. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இதை வைத்தால், வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்காது. கிளட்ச் மிதியும் தேவையில்லை.

1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இத்தகைய எண்ணெய் இணைப்பையும், கோள் பற்சக்கரங்களையும் சேர்த்து 'ஹைட்ராமாட்டிக்' என்ற தானியங்கி கியர் பெட்டியை வெளியிட்டது. கோள் பற்சக்கரத் தொகுதியில் நடுவே ஒரு கதிரவன் சக்கரம். அதைச் சுற்றிச் சிறு கோள் சக்கரங்கள். வெளியே பல் உள்நோக்கிய ஒரு வளையச் சக்கரம். எல்லாப் பற்களும் எப்போதும் பொருந்தியே இருக்கும். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறும். பிடிக்கும் வேலையை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் உராய்வுத் தட்டுகளும் பட்டைகளும் செய்கின்றன.

ஆகவே இங்கே கியர் மாற்றம் என்பது ஒரு பிடி விலகி, மறு பிடி இறுகுவதே. தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவர் முன்னதாகவே விட்டுவிட்டால் குடம் விழும். அதாவது எஞ்சின் பிடிப்பின்றிச் சீறும். இருவரும் இறுகப் பிடித்திருந்தால் இழுபறி. அதாவது கியர் பெட்டியே ஒரு கணம் பூட்டிக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு

புதிய பிடி இறுகும்போது தட்டுகள் சிறிது நேரம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. வழுக்கினால் உராய்வு, உராய்வினால் வெப்பம். எவ்வளவு வெப்பம்?

எஞ்சினின் முறுக்கு விசை 200 நியூட்டன் மீட்டர் என்போம். மேல் கியருக்கு மாறும்போது அதன் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றிலிருந்து 2,000 சுற்றாக இறங்க வேண்டும். சுழலும் பாகங்களின் நிலைமத் திருப்புத்திறன் 0.2 கிலோகிராம் மீட்டர் வர்க்கம் என்று கொள்வோம். உராய்வுத் தட்டு எஞ்சினின் விசையைத் தாங்குவதோடு, எஞ்சினின் வேகத்தையும் இழுத்துக் குறைக்க வேண்டும்.

மாற்றம் 0.8 விநாடியில் நடந்தால், தட்டு தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ 226 நியூட்டன் மீட்டர். பிறக்கும் வெப்பம் சுமார் 9,500 ஜூல். சுமார் 30 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்!

0.4 விநாடியில் நடந்தால், விசை 252; வெப்பம் சுமார் 5,300 ஜூல்.

0.1 விநாடியில் நடந்தால், விசை 410. வெப்பம் சுமார் 2,100 ஜூல்தான்.

இந்த எண்களைச் சற்று நின்று பாருங்கள். 0.8-ஐ 0.4 ஆக்கியபோது விசை ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் கூடியது. வெப்பமோ ஏறத்தாழ பாதியாகிவிட்டது. நல்ல பேரம்! ஆனால் 0.1-க்குப் போனால் விசை முதலில் இருந்ததைப் போல ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. அந்த அதிகப்படி விசை முழுவதும் அச்சுத் தண்டு, பற்சக்கரம், இணைப்புகள் வழியாகப் பயணியின் முதுகில் வந்து இறங்குகிறது. மெதுவாக மாறினால் வழுக்கல், சூடு, தட்டு கருகல். மிக விரைவாக மாறினால் உலுக்கல், பல் முறிவு. நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடுவதே பொறியியல்.

கண்மாயும் மடையும்

கார்களை விற்கும் நிறுவனங்கள் மென்மையையே பெரிதும் விரும்பின. பந்தய ஓட்டிகளுக்கும் கனமான வண்டி இழுப்போருக்கும் அது போதவில்லை. அமெரிக்க மெக்கானிக்குகள் கியர் பெட்டியைத் திறந்து, அதை 'உறுதியாகவும் விரைவாகவும்' மாறச் செய்யும் வழிகளைக் கண்டனர். இதற்கான உதிரிப் பாகத் தொகுப்புக்கு 'ஷிப்ட் கிட்' என்று பெயர்.

அதில் என்ன இருக்கிறது? மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கியர் பெட்டிக்குள் இருக்கும் வால்வுத் தொகுதி நம் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தைப் போன்றதே. பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம் கண்மாயின் நீர்மட்டம். எண்ணெய் புகும் சிறு துளை மடை. உராய்வுத் தட்டு வயல். வழியில் விற்சுருளுடன் கூடிய ஒரு சிறு உருளையும் உண்டு. அது வாய்க்காலோரக் குட்டை. முதலில் அது கொஞ்சம் எண்ணெயை வாங்கிக்கொள்வதால், வயலுக்கு நீர் சிறுகச் சிறுக ஏறுகிறது; பிடியும் மெல்ல இறுகுகிறது.

மெக்கானிக் செய்வது மூன்று காரியங்கள். கடினமான விற்சுருள் போட்டு அழுத்தத்தைக் கூட்டுகிறார்: கண்மாய் மட்டம் உயர்கிறது. தகட்டிலுள்ள துளையைப் பெரிதாக்குகிறார்: மடை அகலமாகிறது. உருளையின் விற்சுருளை மாற்றி அதன் இடத்தைக் குறைக்கிறார்: குட்டை சுருங்குகிறது. மூன்றினாலும் வயல் விரைவில் நிறைகிறது. பிடி விரைவில் இறுகுகிறது.

மூன்றையும் அளவு மீறிச் செய்தால்? வரப்பு உடையும்! துளை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பெரிதானாலும் பாயும் எண்ணெயின் அளவு வெகுவாகக் கூடும். ஏனெனில் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 1.5 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆனால், பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. ஒரு முறை பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்கவும் முடியாது.

நம் நாட்டில்

இந்தச் சிக்கலில் இந்தியரின் பங்கும் உண்டு. ரயில் எஞ்சின்களுக்காக எண்ணெய் வழிச் செலுத்தலையும் நேரடி இயந்திரச் செலுத்தலையும் ஒரே அமைப்பில் இணைத்தவர் பொறியியலார் எம்.எம். சூரி. 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்றே அது அழைக்கப்பட்டது. புறப்படும்போது எண்ணெயின் மென்மை. வேகம் பிடித்தபின் வீணில்லாத நேரடிப் பிணைப்பு. 1962-இல் அவருக்கு சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவான டபிள்யூ.டி.எஸ்.4 வகை ஷண்டிங் எஞ்சின்களில் இவ்வமைப்பு பயன்பட்டது.

மதுரைக்கும் மோட்டார் வண்டிக்கும் உறவு பழையது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே 1912-இல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். இன்று மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் நீங்கள் அதிகம் காணும் தானியங்கி வண்டி கியரில்லாத ஸ்கூட்டர்தான். 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா இவ்வகையின் இந்திய முன்னோடி. அதில் கியர் மாற்றமே இல்லை. ஒரு பட்டையும், அகலம் மாறும் இரு கப்பிகளும் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

2014-இல் மாருதி செலெரியோ கார் வேறொரு வழியில் வந்தது. சாதாரண கியர் பெட்டியே. ஆனால் கிளட்சையும் கியரையும் இயக்குவது டிரைவரின் காலும் கையும் அல்ல, மின்னணுக் கட்டுப்பாடு. அதில் ஒரு பிடி முழுவதும் விலகிய பிறகே அடுத்தது இறுகும். அந்த இடைவெளியில் தலை சற்று முன்னும் பின்னும் ஆடுவதை அதில் பயணம் செய்தோர் உணர்ந்திருப்பார்கள்.

இக்காலத் தானியங்கி கியர் பெட்டியில் துளையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. கணிப்பொறி ஒன்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எண்ணெய் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை திருத்துகிறது. ஆனால் கணிப்பொறிக்கும் அதே கணக்குதான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் நெரிசலில், சித்திரை வெயிலில், ஒவ்வொரு வழுக்கலும் எண்ணெயைச் சூடாக்குகிறது. சூடேறிய எண்ணெய் விரைவில் கெடும். கெட்ட எண்ணெய் தட்டுகளைக் காப்பாற்றாது.

மீண்டும் நம் சாவிக்கு வருவோம். டவுன் பஸ், தானியங்கி கார், ஸ்கூட்டர் ஏற்றிச் செல்லும் லாரி என்று எது கிடைத்தாலும் நூலைக் கட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சாவி எத்தனை சென்டிமீட்டர் ஆடுகிறது என்று குறித்து வையுங்கள். ஒரே பஸ்ஸில் இரு டிரைவர்கள் ஓட்டும்போது குறிப்புகள் ஒன்றாக இருக்கின்றனவா? பாட்டியைத் தடுமாற விடாமல், கிளட்சையும் கருக விடாமல் ஓட்டும் டிரைவரை உங்கள் நோட்டுப் புத்தகமே காட்டிக்கொடுக்கும். நாம் மேலே போட்ட கணக்கை அவர் ஏட்டில் போட்டுப் பார்த்ததில்லை. தம் இடது காலால் போட்டுக்கொண்டிருக்கிறார்!