தீபாவளிக்கு மட்டும் நிரம்பும் கடைத்தெரு: கிள்ளான் நகருக்குக் கடைகள் வர என்ன வேண்டும்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கால் வைக்க இடமிருக்காது. முறுக்கு வாசனை, ஊதுபத்திப் புகை, ஒலிபெருக்கிப் பாட்டு எல்லாம் சேர்ந்து தெருவே திணறும். அதே தெருவுக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். பூக்கடைக்காரர் நிதானமாகச் சரம் தொடுத்துக்கொண்டிருப்பார். புடவைக் கடையில் வேலை செய்யும் பெண்கள் வாசலைப் பார்த்தபடி நிற்பார்கள். சற்றுத் தள்ளி நடந்தால், இரும்புக் கதவை இழுத்து மூடிய கடைவீடுகள் கண்ணில் படும். அவற்றில் தொங்கும் 'வாடகைக்கு' அட்டை வெயிலில் வெளுத்துப் போயிருக்கும்.

கடை பிழைப்பதும் மூடுவதும் அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் முடிவாகிறது. தீபாவளி வியாபாரம் கடைக்காரருக்கு லாபம் தரும். ஆனால் மற்ற பதினோரு மாத வாடகையைக் கட்ட வேண்டியது சாதாரண நாள் வியாபாரம்தான்.

2024 பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளானுக்கு மாநகர் தகுதி கிடைத்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிள்ளான் மாவட்டத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். இத்தனை பேர் இருக்கும் ஊரின் நடுவில் கடைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? புதிய கடைகளை அங்கே வரவழைக்க என்ன செய்ய வேண்டும்? வளைவு கட்டலாம், விளக்குப் போடலாம், சுவருக்கு வண்ணம் அடிக்கலாம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு போகிறது. அவை கெட்ட யோசனைகள் அல்ல. ஆனால் கடை வருவதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில், கூட்டம் எங்கே போனது என்று பார்ப்போம். தோட்டத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு இது நினைவிருக்கும். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துக் கிள்ளானுக்கு வருவது ஒரு சடங்கு மாதிரி. மளிகைப் பாக்கியைக் கட்டுவது, நகைக்கடையில் தவணை கொடுப்பது, பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து, அப்பாவுக்கு முடிவெட்டு, கடைசியில் ஒரு வாழை இலைச் சாப்பாடு. ஒரே தெருவில் ஆறேழு கடைக்கு ஒரே குடும்பம் காசு கொடுத்துவிட்டுத் திரும்பியது.

அந்தத் தோட்டங்கள் இன்று இல்லை. நோர்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் செத்தியா ஆலாம் நிற்கிறது. 2012-இல் அங்கேயே செத்தியா சிட்டி மால் திறந்தது. தெற்குக் கிள்ளானில் புக்கிட் திங்கி பேரங்காடி 2007-லேயே வந்துவிட்டது. நம்மவர்கள் நகரத்தின் மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை. வீடு தாமானுக்கு மாறியது, கடையும் பின்னாலேயே போனது. ஆக, கிள்ளான் வளர்ந்தது உண்மை. வெளிப்பக்கமாக வளர்ந்தது.

சரி, பேரங்காடியில் மட்டும் கடைகள் எப்படி நிரம்புகின்றன? குளிர்சாதனமும் கார் நிறுத்துமிடமும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை பாதிக் காரணம். மீதிப் பாதி நம் கண்ணுக்குத் தெரியாத வாடகைக் கணக்கு.

பேரங்காடிக்கு ஒரே உரிமையாளர், ஒரே நிர்வாகம். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடையை, அதாவது சூப்பர் மார்க்கெட்டையோ திரையரங்கையோ, குறைந்த வாடகைக்கு உள்ளே கொண்டுவருவார்கள். அதைப் பார்க்க வரும் ஆட்கள் நடக்கும் வழியில் சிறு கடைகளை வைத்து, அவற்றிடம் கூடுதல் வாடகை வாங்குவார்கள். கணக்குக்காகச் சொன்னால், பெரிய கடை ஒரு சதுர அடிக்கு மூன்று ரிங்கிட் கொடுக்கும். கைப்பேசி உறை விற்கும் சின்னக் கடை பதினைந்து ரிங்கிட் கொடுக்கும். பெரிய கடையால் வரும் நட்டத்தைச் சிறிய கடை ஈடுகட்டுகிறது. சிறிய கடைக்கும் அது கட்டுப்படியாகிறது, ஏனென்றால் கூட்டம் தானாக வாசலுக்கு வந்துவிடுகிறது. பல இடங்களில் அடிப்படை வாடகையோடு விற்பனையில் ஒரு விழுக்காடும் வாங்குவார்கள். எனவே கடை நன்றாக ஓடினால்தான் கட்டட முதலாளிக்கும் லாபம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நான்கு கடைகள் வந்து ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாமலும் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது நம் தெருவைப் பாருங்கள். நூறு கடைவீட்டுக்கு நூறு உரிமையாளர்கள். சிலர் வெளியூரில் இருக்கிறார்கள். சில வீடுகள் தாத்தா பெயரிலேயே இருக்க, ஏழெட்டு வாரிசுகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் நிற்கிறார்கள். கூட்டம் இழுக்கும் ஒரு கடையைக் குறைந்த வாடகைக்கு விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபம், விட்டவருக்கு நட்டம். யார் விடுவார்? அதனால் ஒவ்வொருவரும் அதிக வாடகை கொடுப்பவருக்கே விடுகிறார்கள். ஒரு நகைக்கடை நன்றாக ஓடினால் அடுத்தடுத்து நகைக்கடைகளே வரும். செருப்புத் தைப்பவரும் பாத்திரக் கடைக்காரரும் வெளியேறுவார்கள். ஆனால் மாதம் முழுக்க ஆளை வரவைப்பவர்கள் இவர்கள்தான். ஆண்டுக்கு ஒரு முறை நகை வாங்குகிறோம். சப்பாத்து அடிக்கடி பிய்கிறது!

இன்னொரு தடை, கட்டடத்தின் அளவு. நம் கடைவீடு சாதாரணமாக 20 அடி அகலம், 70 அடி ஆழம், மொத்தம் 1,400 சதுர அடி. பெரிய நிறுவனம் இடம் தேடும்போது இதைப் போல் பத்து மடங்கு கேட்கும். சரக்கு லோரி நிற்கப் பின்பக்கம் இடம் கேட்கும். பத்து நிமிட தூரத்துக்குள் எத்தனை குடும்பம் இருக்கிறது, சாதாரண நாளில் வாசலைக் கடந்து எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும். தீபாவளி வாரத்துக் கூட்டம் அந்த எண்ணிக்கையில் சேராது.

ஆனால் சிறிய இடத்திலும் சங்கிலிக் கடை வரும் என்பதற்குக் கிள்ளானே சாட்சி. லீ தியாம் வா 1987-இல் கிள்ளானில் ஒரு சிறிய மளிகைக் கடையோடு தொடங்கியதுதான் பின்னாளில் 99 ஸ்பீட்மார்ட் ஆனது. 2024 செப்டம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது 2,600-க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. பெரும்பாலானவை தாமான்களில் உள்ள சாதாரணக் கடைவீடுகள்தாம். அந்த நிறுவனம் பேரங்காடியைத் தேடிப் போகவில்லை, குடியிருப்பைத் தேடிப் போனது. நடந்து வந்து முட்டையும் சோப்பும் வாங்க ஆள் இருந்தால் 1,400 சதுர அடி போதும்.

கூட்டம் இழுக்கும் கடை ஒன்று தெருவுக்கு என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூரின் முஸ்தபா சென்டரைப் பாருங்கள். அது சிராங்கூன் சாலையின் முகப்பில் இல்லை. குறுக்கே போகும் சையத் ஆல்வி சாலையில் 1995-இல் திறந்தது. 2003-இல் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தொடங்கியது. அதே ஆண்டு பக்கத்தில் ஃபேரர் பார்க் ரயில் நிலையமும் வந்தது. ஜொகூரிலிருந்து போகிறவர்கள்கூட முஸ்தபாவுக்கென்று போய், சுற்றியுள்ள கடையில் சாப்பிட்டு, பணம் மாற்றி, பூ வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். கோலாலம்பூரில் மைடின் கடையும் இதே வேலையைச் செய்தது. 1957-இல் கோத்தா பாருவில் தொடங்கிய அந்தக் குடும்ப வியாபாரம், 1989-இல் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுக்கு வந்தது. இரண்டுமே அந்தத் தெருக்களின் வியாபாரம் தெரிந்தவர்கள் வளர்த்த கடைகள். வெளிநாட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டுவதற்கு முன், ஏற்கெனவே நம் தெருவில் நன்றாக ஓடும் கடைக்காரருக்குப் பக்கத்து இரண்டு வீட்டையும் சேர்த்துக்கொள்ள வழி செய்யலாம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, பலர் தலை நிமிர்த்திப் பார்க்காத ஒன்று: மாடி. கடைவீடு என்ற சொல்லிலேயே வீடும் இருக்கிறது. கீழே வியாபாரம், மேலே குடும்பம். மேலே இருப்பவர்களே கீழே இருக்கும் கடைகளின் செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர்கள். இன்று எத்தனை மாடிகளில் மாலையில் விளக்கு எரிகிறது?

மாடி காலியானதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. அது ரத்தாகி, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. தலைமுறையாக இருந்த வாடகைக் குடும்பங்கள் வெளியேறின. மனிதர்கள் போன மாடிகள் சிலவற்றில் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு காப்பிக்கடைகளும் சிறு ஹோட்டல்களும் நிறைய வந்தன. தெரு அழகானது, வாடகையும் ஏறியது. ஆனால் சுற்றுப்பயணி பருப்பும் பள்ளிச் சீருடையும் வாங்குவதில்லை. கிள்ளானைப் பாரம்பரிய நகரமாக்கலாம் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பயணிகளுக்காக மட்டும் கடைகளை வரவழைத்தால், உள்ளூர்க்காரருக்கான கடை மறுபடியும் தாமானுக்கே போய்விடும்.

காலியாக வைத்திருப்பவர் ஏன் வாடகையைக் குறைத்து விடுவதில்லை? ஒரு முறை குறைத்தால் கட்டடத்தின் மதிப்பே குறையும் என்ற பயம் ஒன்று. நல்ல விலைக்கு யாராவது மொத்தமாக வாங்க வருவார்கள் என்ற நம்பிக்கை இன்னொன்று. இதில் ஊராட்சி மன்றத்தின் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 162-ஆவது பிரிவின்படி, ஆளில்லாத கட்டடத்துக்கு மதிப்பீட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சும்மா கிடைக்காது. கட்டடம் குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும், ஆள் தேட உண்மையாக முயன்றிருக்க வேண்டும், கேட்ட வாடகை நியாயமானதாக இருக்க வேண்டும். கூரை ஒழுகும் கடையை வானத்து விலைக்கு வைத்துக்கொண்டு சலுகை கேட்க முடியாது. இந்த நிபந்தனைகளை ஏட்டில் உள்ளபடி கடுமையாகப் பார்த்தாலே, சில உரிமையாளர்கள் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? பேரங்காடிக்கு நிர்வாகி இருப்பதுபோல் தெருவுக்கு யார் இருக்கிறார்கள்? கனடாவின் டொரோண்டோ நகரில் 1970-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நிலத்தடி ரயில் வந்து டிராம் பயணிகள் தெருவிலிருந்து மறைந்தார்கள், பேரங்காடிகளும் போட்டிக்கு வந்தன. புளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதி வணிகர்கள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் கட்டாயமாக ஒரு சிறு கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டைச் சட்டப்படி உருவாக்கினார்கள். துப்புரவு, விளக்கு, விளம்பரம் எல்லாவற்றையும் அந்தப் பணமே பார்த்துக்கொண்டது. சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையமும் 2017-இல் இதே போன்ற முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. வட்டார வணிகர்கள் போடும் பணத்துக்கு ஈடாக அரசும் பணம் போட்டது.

நம் பக்கம் வணிகர் சங்கங்கள் விருப்பச் சந்தாவில்தான் ஓடுகின்றன. எந்தச் சங்கத்திலும் அதே நான்கு பேர்தான் விளக்குக்குப் பணம் கொடுப்பார்கள். மற்ற நாற்பது பேர் அந்த வெளிச்சத்தில் வியாபாரம் செய்வார்கள். இந்த நான்கு பேரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிச் சந்தை விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு முழுக்க வாடகை கட்டும் கடையின் வாசலிலேயே, சில வாரத்துக்கு மட்டும் கட்டணம் கட்டி வந்த தற்காலிகக் கடை அதே சுடிதாரைக் குறைந்த விலைக்கு விற்கிறது. நிரந்தரக் கடைக்காரரின் ஆதங்கம் நியாயமானது. சந்தையே கூடாது என்பதல்ல. சந்தைக் கட்டணத்தில் ஒரு பகுதியை மற்ற மாதங்களில் அந்தத் தெருவுக்கே செலவிட்டால் கணக்கு ஓரளவு சமமாகும். உடைந்த அஞ்சடிப் பாதையைச் சரிசெய்யலாம். கொமுட்டர் நிலையத்திலிருந்து நடந்து வருபவருக்கு நிழலும் வெளிச்சமும் தரலாம். கிள்ளான் நிலையம் 1890-இலிருந்து நகரின் நடுவிலேயே இருக்கிறது. எந்தப் பேரங்காடிக்கும் கிடைக்காத வசதி அது. அதைத்தான் நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறோம்.

கார் நிறுத்துமிடம் இல்லை என்ற புகாருக்கும் பாதிப் பதில் கடைக்காரர்களிடமே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நிற்கும் கார் பெரும்பாலும் யாருடையது? முதலாளியுடையது, வேலையாளுடையது. இரவு வரை அது நகராது. அந்த ஓர் இடத்தில் பகல் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போயிருக்கலாம். இதைச் சரிசெய்யச் சட்டம் வேண்டாம், மானியம் வேண்டாம்.

தெருவில் கடையோ கட்டடமோ வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து வாருங்கள். எந்தக் கடை காலி, எந்த மாடி காலி, உரிமையாளர் யார், கடைசியாக எவ்வளவு வாடகை கேட்டார், கூரை சரியாக இருக்கிறதா என்று எழுதுங்கள். கூடவே ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் வாசலைக் கடந்து போகிறவர்களை மணிக்கு மணி எண்ணுங்கள். புதிதாகக் கடை போட நினைப்பவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். மாநகர் மன்றத்திடம் பேசப் போகும்போதும் கையில் இவை இருக்கட்டும்.