சின்ன வாய்க்கு அளவான இரை

அமெரிக்காவில் ஒரு சிறுவன் முதன்முதலாகக் குளத்தில் தூண்டில் போட்டால், மாட்டுவது பெரும்பாலும் ப்ளூகில் மீனாகத்தான் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான உடல், செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ப்ளூகில், பம்ப்கின்சீட், க்ராப்பி, மஞ்சள் பெர்ச் என்று வறுசட்டியில் முழுசாக அடங்கும் இந்தச் சிறு மீன்களை எல்லாம் சேர்த்து அங்கே ‘பேன்ஃபிஷ்’ என்கிறார்கள். 1950இல் அலபாமா மாநிலத்தின் கெட்டோனா ஏரியில் பிடிபட்ட ப்ளூகில் இரண்டு கிலோவைத் தாண்டியது. உலக சாதனை அதுதான். சாதாரணமாகக் கால் கிலோ தேறினாலே நல்ல மீன்.

மண்புழுவைக் கோத்துப் போட்டால் இந்த மீன்கள் தயங்காமல் வரும். ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் இரையைப் போட்டால் கதை மாறுகிறது. மீன் வருகிறது, ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்கிறது, வாலை மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுகிறது. கரையில் இருப்பவரின் கைக்கு ‘டிக் டிக்’ என்று தட்டுவது தெரியும். சுண்டினால் வெறும் தூண்டில் முள்தான் வரும். கடையில் வாங்கிய இரையைப் பிளேடால் வெட்டியும் செதுக்கியும் மாற்றுகிற பழக்கம் இந்த ஏமாற்றத்திலிருந்துதான் வளர்ந்தது.

காரணம் மீனின் வாயில் இருக்கிறது. ப்ளூகில் கடித்துத் தின்கிற மீன் அல்ல, உறிஞ்சித் தின்கிற மீன். இரைக்கு வெகு அருகில் வந்து நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் வாய்க்குள்ளிருக்கும் இடத்தை விரிக்கிறது. உள்ளே பாயும் தண்ணீரோடு இரையும் போய்விடுகிறது. இந்த உறிஞ்சலைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே நீரோட்டத்தின் வேகம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே குட்டையான, எடையற்ற, எளிதில் மடங்குகிற பொருள் முழுசாக உள்ளே போகும். நீளமான இரையின் நுனி மட்டும் வாய்க்குள் போகும். முள் வெளியே நிற்கும். உறிஞ்சியது உணவல்ல என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பவும் ப்ளூகிலுக்குத் தெரியும்.

இரையின் அளவை இந்த மீன் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கும் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. ஏர்ல் வெர்னர், டொனால்ட் ஹால் இருவரும் 1974இல் வெளியிட்டது. ப்ளூகில் மீன்களுக்கு டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சிகளைப் பல அளவுகளில் கொடுத்தார்கள். பூச்சி அரிதாக இருந்தபோது மீன்கள் கிடைத்ததையெல்லாம் தின்றன. ஏராளமாக இருந்தபோது பெரியவற்றை மட்டும் பொறுக்கின. ஒரே குளத்தில் ஒரு நாள் எதைப் போட்டாலும் எடுக்கிற மீன், இன்னொரு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு விலகுவது ஏன் என்பதற்கு இதில் பாதி விடையாவது இருக்கிறது.

க்ராப்பி வேறு ரகம். அதன் வாய் பெரியது, ஆனால் தாடையைச் சுற்றியுள்ள சவ்வு மிக மெல்லியது; ‘காகித வாய்’ என்றே தூண்டில்காரர்கள் சொல்வார்கள். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். வளர்ந்த க்ராப்பி சிறு மீன்களை விரும்பித் தின்கிறது. தனக்கு மேலே போவதைப் பார்த்து எழும்பி எடுக்கிறது. எனவே க்ராப்பிக்கு இரண்டு அங்குல நீளத்தில், மீன்குஞ்சு வடிவில், ஊசி போல மெலிந்த வாலுள்ள இரை. அதை மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். ப்ளூகிலுக்கு ஓர் அங்குலம், மிஞ்சிப்போனால் ஒன்றரை.

இந்தப் பிளாஸ்டிக் இரையின் வரலாறு ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு வீட்டில் தொடங்குகிறது. நிக் க்ரீம் என்பவர் 1949இல் வினைல், எண்ணெய், நிறமி மூன்றையும் அடுப்பில் காய்ச்சி, நிஜ மண்புழுவிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றினார். இன்றைக்கும் செய்முறையின் அடிப்படை அதுதான். பி.வி.சி. என்னும் வினைல் தூளை, அதை மிருதுவாக்கும் எண்ணெயில் கலந்தால் பால் போன்ற திரவம் கிடைக்கும். சுமார் 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அது கெட்டிப்பட்டு, பிறகு தெளிந்து இளகும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் ரப்பர் போலாகிவிடும். எண்ணெயின் பங்கு கூடினால் இரை மிருதுவாகும், சீக்கிரம் கிழியும். குறைந்தால் நாள்பட உழைக்கும், விறைப்பாக நிற்கும். பேன்ஃபிஷுக்கு மிருதுவே மேல். கிழிந்தால் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம். விறைத்த இரையை மீன் உடனே துப்பிவிடும்.

இனி வெட்டும் வேலை. புதிதாகப் பழகுகிறவர்கள் இரை நீளமாக இருக்கிறது என்று வாலை நறுக்கிவிடுவார்கள். நறுக்க வேண்டியது தலைப்பக்கம். உயிரோட்டம் முழுதும் வாலில் இருக்கிறது; இரை அசையாமல் தொங்கும்போதும் அந்த மெல்லிய நுனி நீரின் சிறு அலைவில் துடித்துக்கொண்டிருக்கும். தலையில் அரை அங்குலம் வெட்டினால் முள் வாலுக்கு அருகில் வந்துவிடும். வாலை உறிஞ்ச வந்த மீனின் வாய்க்குள் முள்ளும் போகும். பாஸ் மீனுக்காகச் செய்த நீளப் புழுக்களின் நுனியை மட்டும் ஓர் அங்குலம் நறுக்கி ப்ளூகிலுக்குப் போடுகிறவர்கள் உண்டு. பருத்த வாலைக் கூரான பிளேடால் நெடுக்கில் இரண்டாகக் கீறிவிட்டால் பூச்சியின் கால்கள் போல அசையும். வயிற்றுப் பக்கத்தைத் தட்டையாகச் சீவினால் இரை மெதுவாக இறங்கும்.

இரண்டு நிறத் துண்டுகளை ஒட்ட வேண்டுமானால் லைட்டர் சுடரில் முனைகளை லேசாக உருக்கி அழுத்தினால் போதும். முள்ளின் தண்டில் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்துக் கோத்தால் இரை கீழே வழுக்காது. நேராகக் கோப்பதுதான் இவை எல்லாவற்றிலும் முக்கியம்: கோணலாக ஏறிய இரை நீரில் சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீன் ஒதுங்கிவிடும். பெட்டியில் கிடந்து வளைந்துபோன வாலை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் நிமிரும். ஒரு எச்சரிக்கை: இசட்-மேன் நிறுவனத்தின் ‘எலாஸ்டெக்’ என்ற பொருளில் செய்த இரைகளைச் சாதாரண வினைல் இரைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எடை இன்னொரு பாதி வேலை. முள்ளோடு சேர்த்து வார்த்த சிறு உலோகத் தலையை ஜிக் என்கிறார்கள். ப்ளூகிலுக்கு ஒரு அவுன்ஸில் 64இல் ஒரு பங்கு, அதாவது அரை கிராமுக்கும் குறைவு, போதுமானது. 32இல் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 0.9 கிராம். இவ்வளவு லேசானதைக் கையால் தூர வீச முடியாது என்பதால் மேலே சிறு மிதவை கட்டுவார்கள். இரை மிதவைக்குக் கீழே மெல்ல இறங்கும் அந்தச் சில விநாடிகளில்தான் மீன் பெரும்பாலும் எடுக்கிறது. ஆழமான இடத்துக்கும் பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிக்கும் குளிர்காலத்துக்கும் டங்ஸ்டன் ஜிக் உதவும். வழக்கமான ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது என்பதால், அதே எடையில் உருவம் சிறியதாகிறது, இறங்கும் வேகம் கூடுகிறது. லூன் என்னும் நீர்ப்பறவைகள் ஈயக் குண்டுகளையும் ஜிக்குகளையும் விழுங்கி நஞ்சேறிச் சாவதால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சிறிய ஈய ஜிக்குகளையே தடைசெய்துவிட்டது.

நிறத்தைப் பற்றித் தூண்டில்காரர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அளவும் இறங்கும் வேகமும் சரியாக இருந்தால் நிறத்துக்கு மூன்றாம் இடம்தான். தெளிந்த நீரில் பழுப்பு, புகை நிறம்; கலங்கிய நீரில் கறுப்பு அல்லது கண்ணைப் பறிக்கும் மஞ்சள்பச்சை; இவை போதும்.

வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் எறியக் கூடாது. வினைல் மட்காது, மீன்களோ அதை விழுங்கும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மென்பிளாஸ்டிக் இரைகளை விழுங்கிய ப்ரூக் ட்ரவுட் மீன்கள் எடை குறைந்தன. துண்டுகளைச் சேர்த்துவைத்து மறுபடி உருக்கி வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சூடு மிஞ்சினால் பி.வி.சி. கருகி ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். உருக்கத் தேவையில்லாத வழியும் உண்டு: க்ராப்பி கிழித்துப்போட்ட இரண்டு அங்குல இரையின் தலையை வெட்டிவிட்டால், மிச்சமிருக்கும் வால் ப்ளூகிலுக்குச் சரியான அளவு.